தன்பாலீர்ப்பு பற்றிப் பேசும்போது சபை உடையாமலிருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் பேச்சு ஒரு சேகரத்துக்குள் (ஒரு ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம்) நுழைந்ததும் ஐந்தாறு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. சண்டையில் பாதி இந்தக் குழப்பத்தால் வருவதுதான். வேதம் என்ன சொல்கிறது, ஆலயத்தில் திருமணம் நடத்தலாமா, ஆயராக அபிஷேகம் செய்யலாமா, திருவிருந்து கொடுக்கலாமா, பாடகர் குழுவில் பாடலாமா, பிள்ளையின் விஷயம் தெரிந்து உடைந்துபோன வீட்டுக்கு யார் போவது? ஒவ்வொன்றையும் தனித் தாளில் எழுதி, முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று அதன் கீழே குறியுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் திருமணமும் குருத்துவமும் சினாடு என்ற தலைமைப் பேரவை வரை போகிற விஷயங்கள். சேகரக் கமிட்டி அதில் தீர்மானம் போடுவது வீண். அந்த வீட்டுக்கு யார் போவது, ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையனைக் கேலி செய்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் கமிட்டி இன்றைக்கே முடிவு செய்யலாம்.

சட்டத்தையும் தப்பாகச் சொல்லக் கூடாது. வயதுவந்தவர்கள் மனமொத்து உறவு கொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபர் 17 அன்று மறுத்தது. ஆகவே “போலீஸ் பிடிக்கும்” என்பதும் தவறு, “நாளைக்கே நம்ம ஆலயத்தில் கல்யாணம் நடத்தச் சொல்வார்கள்” என்பதும் தவறு. திருநங்கைகள், திருநம்பிகள் பற்றியது வேறு கேள்வி. அதற்குத் தனித் தாள் வேண்டும்.

அடுத்த தவறு, அவசரப்பட்டு ஓட்டெடுப்பது. அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஐக்கிய மெதடிஸ்ட் சபை 2019இல் செயின்ட் லூயிஸில் கூடி, தன்பாலினத் திருமணம், தன்பாலீர்ப்புள்ளவர்களின் குருத்துவம் ஆகியவற்றின் மேல் இருந்த பழைய தடையை இன்னும் இறுக்கும் திட்டத்தை 438க்கு 384 என்ற கணக்கில் நிறைவேற்றியது. தோற்றவர்களின் மனசாட்சி அந்த எண்ணிக்கையால் மாறவில்லை. 2023 முடிவதற்குள் அந்நாட்டில் 7,600க்கும் மேற்பட்ட சபைகள் பிரிந்துபோயின. அவற்றில் பெரும்பாலானவை ஓட்டில் ஜெயித்த தரப்பைச் சேர்ந்தவை. 2024இல் அந்தத் தடையே நீக்கப்பட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு மைக் வைத்து இதைப் பேசவே கூடாது. குரல் உயர்ந்தவர் பேசுவார், மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். எட்டு முதல் பத்துப் பேர் வட்டமாக உட்காருங்கள். வாரம் ஒருமுறை, ஒன்றேகால் மணி நேரம், நான்கு வாரம். முதல் வாரம், ஆதிச்சபை ஒரு பெரிய தகராறைக் கூடிப் பேசித் தீர்த்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை மட்டும் வாசியுங்கள்; தன்பால் உறவைக் கண்டிக்க எடுத்துக்காட்டப்படும் ரோமர் 1 பிறகு வரட்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள், எனவே இளையவர்களிடமிருந்து தொடங்குங்கள். பதில் சொல்பவர், எதிர்த் தரப்பு சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. செல்போன்கள் வெளியே ஒரு கூடையில் இருக்கட்டும். ஒரு நிமிட ஆடியோ வாட்ஸ்அப்பில் போனால் நான்கு வார உழைப்பும் போச்சு.

எல்லாவற்றையும்விடக் கொடிய தவறு வீட்டு ஜெபக்கூட்டத்தில் நடக்கிறது. “நம்ம சபைப் பையன் ஒருத்தன், சென்னையில் வேலை, அவனுக்காகப் பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க.” பேர் சொல்லவில்லை, ஆனால் குமரியின் ஒரு சிற்றூரில் அந்த அடையாளமே போதும், இருட்டுவதற்குள் தாய் காதுக்குப் போய்விடும். நம்பிச் சொன்னவரின் அனுமதி இல்லாமல் ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே விடாதீர்கள். பாலீர்ப்பை மாற்றிவிடுவதாகச் சொல்லும் ‘மாற்றும் சிகிச்சை’க்கும் அனுப்பாதீர்கள். அதைத் தடை செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. அதைச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் தனியே விடாமல் கூடவே இருந்து, அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேச வையுங்கள். இரகசியம் காப்பதற்கு ஒரே ஒரு விலக்கு: பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தன்பாலீர்ப்பையும் இந்தக் குற்றத்தையும் ஒரே மூச்சில் பேசுவது அநியாயம்.

“நாமெல்லாம் ஒன்றுபட்ட சபைதானே” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மூடிவிடுவதும் உதவாது. அந்த ஒற்றுமை எப்படி வந்தது என்று பாருங்கள். இன்றைய குமரிப் பகுதி அடங்கிய தென் திருவிதாங்கூரின் லண்டன் மிஷன் சபைகளில் அன்று பேராயர் என்ற பதவியே கிடையாது. 1947இல் பேராயர்களை உடைய ஆங்கிலிக்கரோடு இணைந்து சி.எஸ்.ஐ. உருவானபோது, மனசாட்சிப்படி மறுக்கும் ஊழியத்தையோ ஆராதனை முறையையோ எந்தச் சபை மேலும் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. பழைய குருத்துவமும் புதியதும் கூடிப்போக முப்பது வருடம் ஒதுக்கினார்கள். அந்த வாக்குறுதி பாலீர்ப்பு பற்றியதல்ல, அதை இங்கே ஆயுதமாக எடுப்பது சரியுமல்ல. ஆனால் முப்பது வருடம் பொறுக்கத் தெரிந்தவர்கள் இந்தச் சபையில் இருந்திருக்கிறார்கள்.

பேசி முடியாவிட்டால், அசனம் என்ற சபை விருந்தையும் ஸ்தோத்திரப் பண்டிகையையும் கல்லறைத் தோட்டத்தையும் தகராறில் இழுக்காதீர்கள். மினிட்ஸ் புத்தகத்தில் “ஒருமனதாக” என்று பொய் எழுத வேண்டாம். இரு தரப்பும் தங்கள் நிலையை ஐந்து வரியில் தாங்களே எழுதிக் கையெழுத்திடட்டும், அடுத்துக் கூடும் தேதியையும் அதே பக்கத்தில் குறித்துவிடுங்கள்.