மாதிரி விமானத்தின் பழைய ரேடியோவைப் புதுப்பிக்கும் முறை

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் மாதிரி விமானம் பறக்கவிட்டவர்கள் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கங்களில் சிலரேனும் உண்டு. அவர்கள் வீட்டு அட்டாலியில், வெளிநாட்டிலிருந்து உறவினர் யாரேனும் வாங்கிவந்த ஃபுட்டாபா, ஜே.ஆர்., ஹைடெக் போன்ற நிறுவனங்களின் டிரான்ஸ்மிட்டர் (தரையிலிருந்து கட்டளை அனுப்பும் கைப்பெட்டி) ஒன்று நீண்ட ஏரியலுடன் இன்றும் கிடக்கக்கூடும். 35 அல்லது 72 மெகாஹெர்ட்ஸில், அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் கொண்டு இயங்கும் அந்தப் பெட்டியைத் தூக்கி எறியத் தேவையில்லை. ஆனால் அதைப் புதுப்பிக்க முனைவோர் பெரும்பாலும், விமானத்திலிருந்து கட்டளையைப் பெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரை முதலில் வாங்கிப் பொருத்திவிட்டு, பேட்டரியையும் சுவிட்சையும் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். செய்யவேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது.

காரணம் எளிது. மின்னழுத்தம் குறைந்தால் பழைய ரிசீவர், சுக்கான் முதலியவற்றை அசைக்கும் சிறு மோட்டார்களான செர்வோக்களைச் சற்று நடுங்க வைக்கும், பிறகு சமாளித்துக்கொள்ளும். புதிய ரிசீவருக்குள் இருப்பதோ ஒரு சிறு கணினி. மின்னழுத்தம் 3.5 வோல்ட் அளவுக்குக் கீழே கண்ணிமைக்கும் நேரம் சரிந்தாலும் அது அணைந்து மறுபடி தொடங்கக்கூடும். அது டிரான்ஸ்மிட்டரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விமானம் தரையைக் கண்டுபிடித்துவிடும். காங்கேயத்துக்கு அருகே கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலமொன்றில் என் விமானம் கிளுவை வேலிக்குள் விழுந்தது இப்படித்தான். அன்று பேட்டரியில் குறையில்லை. களிம்பேறிய பழைய சுவிட்சே மின்சாரத்தை மறித்தது.

ஆகவே முதலில் விமானத்திலுள்ள பேட்டரியைப் பாருங்கள். நான்கு நிக்கல் காட்மியம் செல்கள் சேர்ந்த 4.8 வோல்ட் கட்டு என்றால், மல்டிமீட்டரை வெறுமனே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. சுமையில்லாதபோது செத்த செல்லும் நல்ல அளவையே காட்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே இணைத்தால் ஏறக்குறைய ஓர் ஆம்பியர் ஓடும். ஒரு நிமிடத்துக்குள் மின்னழுத்தம் 4.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தக் கட்டைக் கழித்துவிடலாம். நீண்ட நாள் கிடந்த கட்டுகளில் கருப்பு வயரின் உட்கம்பியும் கருத்து இற்றுப்போயிருக்கும். உறையைச் சற்றுச் சீவிப் பார்த்தால் தெரியும். அந்த வயரில் புதிதாக ஈயம் பற்றாது. சுவிட்சோடு சேர்த்து முழுதாக மாற்றுவதே முறை.

புதிய கட்டுக்கு, சும்மா கிடந்தாலும் சார்ஜ் எளிதில் இறங்காத வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களையே நான் விரும்புவேன். நான்குக்குப் பதில் ஐந்து செல் வைத்தால் 6 வோல்ட் கிடைக்கும். பழைய செர்வோக்களில் பெரும்பாலானவை அதைத் தாங்கும். இரண்டு செல் லித்தியம் பாலிமர் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் தருவதால் அதை நேரடியாகக் கொடுக்கக்கூடாது. டிரான்ஸ்மிட்டருக்கு எட்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் போதும். அதன் சார்ஜிங் துளையில் நடுமுனை நேர்முனையா எதிர்முனையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், இரவல் சார்ஜரைச் செருகுமுன் அளந்து பார்ப்பது அவசியம்.

மின்சாரம் சரியானபின் ரேடியோ இணைப்புக்கு வரலாம். டிரான்ஸ்மிட்டரின் முதுகில் அலைபரப்பும் பகுதி கழற்றக்கூடிய மாட்யூலாக இருந்தால் வேலை பாதி முடிந்ததுபோலத்தான். பழையதைக் கழற்றிவிட்டு, அதே அமைப்பில் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூலைச் செருகி, நீண்ட ஏரியலை எடுத்துவிடலாம். நான்கு ரேடியோ சிப்புகள் கொண்ட மல்டிபுரோட்டோகால் மாட்யூல் பல நிறுவனங்களின் ரிசீவர்களுடன் பேசும்; எந்த முறை என்பதை அதிலுள்ள பதினாறு நிலைச் சுழல் சுவிட்சால் தேர்ந்தெடுக்கலாம். டிரான்ஸ்மிட்டரில் சிக்னலை அமைக்கும் முறைக்குப் பி.சி.எம்., பி.பி.எம். என்ற தேர்வு இருந்தால் பி.பி.எம்.மில் வைக்க வேண்டும். இன்று பலரும் புகழும் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். என்ற நெடுந்தூர ரேடியோ முறையின் மாட்யூல்கள் பழைய பி.பி.எம். சிக்னலை ஏற்பவை அல்ல. புதிய டிரான்ஸ்மிட்டர் வாங்கி அந்த வழியில் செல்வோர் 900 மெகாஹெர்ட்ஸ் வகையை எடுத்தால், வெளிநாட்டு 915 அமைப்பை விட்டு, இந்தியாவுக்கான 866 அமைப்பைத் தேர வேண்டும்; இங்கே உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்டிருப்பது 865 முதல் 868 வரையிலான பட்டையே. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005-இலேயே உரிமவிலக்குப் பெற்றது.

மாட்யூல் இல்லாத ஒரே பலகை டிரான்ஸ்மிட்டர் என்றால், பயிற்சிக் கேபிளுக்கான துளையிலிருந்து பி.பி.எம். சிக்னலை எடுத்துப் புது மாட்யூலுக்குக் கொடுக்க வழியுண்டு. ஆனால் கிரிஸ்டலைக் கழற்றிப் பழைய அலைபரப்பை நிறுத்தி, உள்ளே ஈயப்பற்று வைக்கும் உழைப்பையும் கணக்கிட்டால், குச்சிகளின் பிடிமானம் விரலுக்கு அவ்வளவு பழகியிருந்தாலொழிய அது தகாது என்பது என் கருத்து.

செர்வோக்களில் நின்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஃபுட்டாபா இணைப்பியின் ஓரத்தில் சிறு விளிம்பு இருக்கும். புது ரிசீவரில் நுழையாவிட்டால் அதைச் சீவிவிடலாம், கம்பி வரிசை மாறாது. மிகப் பழைய ஏர்ட்ரானிக்ஸ் செர்வோக்களில் கம்பி வரிசையே வேறு; அப்படியே செருகினால் செர்வோ கெடும். புது ரிசீவரில் வேகமான துடிப்பு முறை இருந்தால் அதைத் தவிர்த்து, 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை துடிக்கும் பழைய முறையை வைக்கவும். இல்லையேல் அனலாக் செர்வோ சூடேறும். சேனல் வரிசையிலும் ஏமாறக்கூடாது: ஃபுட்டாபாவில் மோட்டார் வேகத்துக்கான திராட்டில் மூன்றாவது, ஜே.ஆரில் முதலாவது. திசையும் தலைகீழாக இருக்கக்கூடும் என்பதால், மின்மோட்டார் விமானத்தில் புரொப்பெல்லரைக் கழற்றிவைத்த பிறகே முதன்முறை சுவிட்சைப் போடுங்கள்.

ஏரியல் விஷயத்தில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 35 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். அது மரங்களைச் சுற்றி வளைந்து வந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர் மட்டுமே. நீர் நிறைந்த பச்சை ஓலை அதைக் குடித்துவிடும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பின் பின்புறம் விமானத்தைத் தாழ இறக்கும் பழைய வழக்கத்தைப் புது ரேடியோவுடன் தொடராதீர்கள். ரிசீவரின் இரு ஏரியல்களின் 31 மில்லிமீட்டர் முனைப்பகுதிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, பேட்டரி, கார்பன் ஃபைபர் ஆகியவற்றிலிருந்து விலக்கி ஒட்டவும். டிரான்ஸ்மிட்டர் ஏரியலின் நுனியை விமானத்தை நோக்கி நீட்ட வேண்டாம்.

பின்னர் தொடர்பு அறுந்தால் திராட்டில் முழுதாகக் குறையும்படி ஃபெயில்சேஃபை அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். குறைந்த திறன் நிலையில் முப்பது அடி தூரம் என்று நினைத்துவிடாமல் முப்பது எட்டுகள் எடுத்துவைத்து நடந்து, எல்லாச் செர்வோக்களையும் ஒருசேர அசைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை செய்க. கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் அருகிருப்பதால், இடத்தை, ட்ரோன் பறக்கத் தடையுள்ள பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்த பின்பே புறப்படுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் முதல் பறப்பை வைக்க வேண்டாம். அமைதியான காலையில் ஐந்து நிமிடம் மட்டும் பறந்து இறக்கி, சார்ஜரில் மீண்டும் எத்தனை மில்லியாம்பியர்-மணி ஏறுகிறது என்று குறித்துக்கொண்டால், அடுத்த பறப்பை எவ்வளவு நேரம் நீட்டலாம் என்பது தெரிந்துவிடும்.