மலை ஏறும்போது முள் எழும்புகிறதா? கூலண்ட் அடிட்டிவ் ஊற்றும் முறை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மே மாதம், வண்டியில் நான்கு பேர், ஏசி ஓடுகிறது. பாதி வளைவுகள் தாண்டியதும் என் பழைய ஹேட்ச்பேக்கில் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மெல்ல எழும்பும். ஏசியை அணைத்தால் இறங்கும். "இதுல ஒரு பாட்டில் ஊத்துங்க சார், பத்து டிகிரி குறையும்" என்றார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். ஊற்றினேன். குறைந்தது, ஆனால் பத்து இல்லை. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம் என்பது பிறகு புரிந்தது. முதல்முறை செய்பவர்களுக்காக முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது? 'வாட்டர் வெட்டர்' வகை திரவங்கள் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பவை. கூடவே துருத் தடுப்பானும் இருக்கும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடும், பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவிப் படலம் நின்று சூட்டைத் தடுக்கிறது. இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடங்களிலும் கிட்டத்தட்ட இதே தொல்லை: உலோகச் சுவரில் சின்னச் சின்ன ஆவிக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். அடிட்டிவ் சேர்த்தால் குமிழிகள் சீக்கிரம் கழன்றுகொள்ளும், தண்ணீர் உலோகத்தை நன்றாக நனைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆகவே அது எதைச் செய்யாது என்பதும் தெளிவு. சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும்படி செய்யப்பட்டிருந்தால், சமதளத்தில் நிதானமாகப் போகும்போது எதை ஊற்றினாலும் வெப்பநிலை அதற்குக் கீழே போகாது, போகவும் கூடாது. "வெயில் ஊருக்கு எதுக்கு சார் இது?" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போடும் மெக்கானிக்குகள் நம் பக்கம் உண்டு. சம்மதிக்காதீர்கள். இன்ஜின் சூடேறாமலே ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம்.

படி 1: எப்போது சூடாகிறது என்று பாருங்கள்

சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்குகிறதா? ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் பக்கம் பாருங்கள். வேகமாகப் போகும்போதும் ஏற்றத்திலும் மட்டும் ஏறுகிறதா? ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம், வாட்டர் பம்ப்பாக இருக்கலாம். ரிசர்வ் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. இவற்றில் எதற்கும் அடிட்டிவ் மருந்தல்ல. ஒழுகலுக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் பழைய லாரி வைத்தியம், நடுரோட்டில் மாட்டிக்கொண்டவருக்கு வீடு போய்ச் சேர உதவலாம். பிறகு அந்தச் சேறு ஹீட்டர் குழாயில்தான் போய் உட்காரும்.

வண்டி வாரன்டியில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

படி 2: ஆறவிடுங்கள்

ரேடியேட்டர் மூடி 0.9 அல்லது 1.1 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்தால்தான் உள்ளே 105 டிகிரியிலும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அத்தனையும் கொதித்து முகத்தில் பீறிடும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் கை வையுங்கள்.

படி 3: பழையதை வடித்து அலசுங்கள்

ரேடியேட்டரின் அடியில் வடிகால் திருகு இருக்கும். இல்லாத வண்டியில் கீழ் ஹோஸின் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். கீழே ஒரு அகலமான பேசின் வையுங்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தெருவில் விட்டால் நாய் நக்கிவிடும்.

என் வண்டியில் வந்தது காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. மூடியின் கழுத்துக்குள் விரல் விட்டால் வெள்ளையாக, கரடுமுரடாக ஒரு படிவு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே உப்பு. எப்போதோ யாரோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இந்தப் படிவு இருக்கும்வரை எந்த அடிட்டிவும் உலோகத்தைத் தொடப்போவதில்லை. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். எனக்கு மூன்று முறை ஆனது. படிவு கனமாக இருந்தால் ரேடியேட்டர் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்வதே மேல்.

படி 4: கலவை

வெப்பத்தை எடுத்துச் செல்வதில் தண்ணீரை மிஞ்ச கிளைக்காலால் முடியாது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோ ஜூல் வேண்டும், கிளைக்காலுக்கு 2.4 போதும். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாமல் காக்கும், சேலத்துக்கு அது எதற்கு? அதற்காக வெறும் தண்ணீரில் ஓட்டவும் கூடாது. துருத் தடுப்பும் கொதிநிலை உயர்வும் கூலண்டில்தான் இருக்கின்றன. வண்டியின் மேனுவல் அனுமதிக்கும் குறைந்தபட்ச விகிதத்துக்குக் கீழே போகாதீர்கள்.

புதியவர்கள் தவறும் இடம் ஒன்று: அலசிய பிறகும் இன்ஜின் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதனால் முன்கூட்டியே கலந்து ஊற்றாதீர்கள். மொத்தக் கொள்ளளவு 4.5 லிட்டர், விகிதம் 40 சதவீதம் என்றால் 1.8 லிட்டர் கான்சன்ட்ரேட்டை (தண்ணீர் கலக்காத கூலண்டை) முதலில் முழுவதுமாக ஊற்றுங்கள். பிறகு அடிட்டிவ், கடைசியாக டிஸ்டில்ட் வாட்டர்.

பச்சை, சிவப்பு நிறத்தை வைத்து கூலண்ட் வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் உள்ள வகையைப் பாருங்கள்.

படி 5: அடிட்டிவ்

லேபிளில் 355 மி.லி. பாட்டில் 12 லிட்டருக்கு என்று போட்டிருந்தால், 4.5 லிட்டர் வண்டிக்குச் சுமார் 130 மி.லி. இருமல் மருந்து மூடியால் அளந்தேன். கூட ஊற்றினால் கூடக் குளிராது. பரப்பு இழுவிசைதானே என்று பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றிப் பார்க்க வேண்டாம். நுரை வந்து பம்ப் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

படி 6: காற்றை வெளியேற்றுங்கள்

வடிகால் திருகு, கிளாம்ப் எல்லாம் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கினால் குமிழிகள் வரும். மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். ஹோஸ் சூடாகி, குமிழிகள் நின்றதும் மூடிவிடுங்கள். அதற்குள் தண்ணீர் பொங்கி வழியத் தொடங்கினால் இன்ஜினை நிறுத்துங்கள். மூடிய பிறகு, இன்ஜினை ஓடவிட்டபடியே ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள்.

படி 7: அளந்து பாருங்கள்

முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது ஒரு பெரிய இடைவெளிக்குள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். இன்ஜின் கம்ப்யூட்டரின் எண்களைப் படித்துக் காட்டும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் செருகினால் போனில் சரியான எண் தெரியும். அடிட்டிவ் ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் அதே சாலை, அதே நேரம், அதே ஆள் எண்ணிக்கை, ஏசி அதே அளவு.

அதே ஏற்காடு ஏற்றத்தில் எனக்கு ஆரம்பத்தில் 104 வந்தது. அலசிப் புது கூலண்ட் மட்டும் ஊற்றியதும் 99. அடிட்டிவ் சேர்த்த பிறகு 97. பெரிய வேலையைச் செய்தது எது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது டப்பாவில் மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். பானெட்டின் உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி, தேதி, ஓடிய கிலோமீட்டர், கூலண்ட் வகை, விகிதம் நான்கையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை கை வைக்கிற மெக்கானிக் போர் தண்ணீர்க் குடத்தோடு வருமுன் அது அவர் கண்ணில் படட்டும்.