மால்டீஸ் பன்மை: ஒரு சின்ன வழி

மால்டா நாட்டு மொழியான மால்டீஸைக் கற்க ஆரம்பித்தவர்கள் முதலில் திணறுவது பன்மையில்தான். நம்முடைய 'கள்' போல ஒரே விகுதி எல்லாச் சொல்லுக்கும் உதவாது. அரபு வேரிலிருந்து வளர்ந்து, சிசிலியன், இத்தாலியச் சொற்களை அள்ளிக்கொண்ட மொழி என்பதால் பன்மையில் அரபு வழி, இத்தாலிய வழி இரண்டும் கலந்தே வரும். கார் என்றால் கரொட்ஸா, கார்கள் கரொட்ஸி, கடைசி உயிர் மட்டும் மாறுகிறது, சுலபம்.

புத்தகத்துக்கு வந்தால் க்தீப், பன்மை கொத்பா. இது அரபு வழி, இங்கே க-த-ப என்ற மூன்று மெய்களும் அதே வரிசையில் நிற்க, நடுவில் உயிர்கள் மட்டும் இடம் மாறுகின்றன. நாய் கெல்ப், நாய்கள் க்லீப், இதுவும் அப்படித்தான். எனக்கு ரொம்பப் பிடித்தது, இத்தாலிய வழியில் வந்த ஸ்கோலா (பள்ளி) கூட அரபுப் பாணியில் உடைந்து ஸ்கெய்யெல் ஆகிவிடுவது!

அதனால் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்த்துப் பன்மையை ஊகிக்காதீர்கள், நோட்டில் எழுதும்போதே ஒருமை, பன்மை இரண்டையும் ஜோடியாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், சில சொற்களுக்கு இருமையும் உண்டு: ஒரு வருடம் செனா, இரண்டு வருடம் சென்தெய்ன், பல வருடங்கள் ஸ்னீன். எண்ணோடு சொல்லும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். மூன்று புத்தகங்கள் என்றால் த்லீத் கொத்பா, ஆனால் பதினொன்றிலிருந்து ஒருமைதான், இருபதுக்கு ஓஷ்ரின் க்தீப், நாம் பேச்சில் 'இருபது புத்தகம்' என்கிற மாதிரியே.