பட்டறை உரிமையாளர் தொழிலாளர் இழப்பீட்டு பிரீமியத்தைக் கணக்கிடுவது எப்படி

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் தொழிலின் ஆபத்துக்கும் சந்தா விகிதத்துக்கும் தொடர்பில்லை. 2019 ஜூலை முதல் உரிமையாளர் ஊதியத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர். இரும்பு வார்ப்பகத்துக்கும் துணிக்கடைக்கும் இதுவே விகிதம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகளும், மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களும் பொதுவாக இத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்காக எடுக்கப்படுவதுதான், 'வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்' (தொழிலாளர் இழப்பீடு) என்ற பழைய பெயராலேயே இன்றும் டபிள்யூ.சி. பாலிசி எனப்படும் காப்பீடு. தொழிலின் ஆபத்து விலையாக மாறுவது இங்கேதான்.

விபத்தில் இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை அவருடைய வயதுக்குச் சட்டம் குறித்துள்ள எண்ணால் (காரணி) பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இம்முறை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. முப்பது வயதுக்கான காரணி 207.98 என்பதால், 15,000 ரூபாய் ஊதியத்துக்கு 15,59,850 ரூபாய் வருகிறது. இறந்தவர் கணக்கெழுதுபவரா, பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) இயக்குபவரா என்பதால் இத்தொகை மாறுவதில்லை. அப்படியொரு விபத்து நேரும் வாய்ப்புதான் மாறுகிறது. காப்பீட்டு நிறுவனம் விலை வைப்பதும் அதற்கே.

ஆகவே, பாலிசிக்கு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தை நிரப்பும்போது எல்லாரையும் 'தொழிலாளர்' என்று ஒரே வரியில் எழுதிவிடாமல், யார் என்ன வேலை செய்கிறார், அவருடைய ஆண்டு ஊதியம் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். கோவையில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையை எண்ணிப் பாருங்கள்: ஆறு பேர் இயந்திரத்தில், இரண்டு பேர் அலுவலகத்தில், ஒவ்வொருவருக்கும் மாதம் 15,000 ரூபாய். கணக்கு விளங்குவதற்காக மட்டும், ஆயிரம் ரூபாய் ஊதியத்துக்கு இயந்திர வேலைக்கு 20 ரூபாயும் அலுவலக வேலைக்கு 3 ரூபாயும் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், பிரீமியம் வரி நீங்கலாக 22,680 ரூபாய் ஆகும். பிரிக்காமல் எழுதி எல்லாருக்கும் இயந்திர வேலைக்கான கட்டணமே போடப்பட்டால் அதுவே 28,800 ரூபாய். விகிதம் காப்பீட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால் குறைந்தது இரண்டு இடங்களிலாவது விலை கேளுங்கள்.

இதே பிரிப்பை ஏமாற்றுவதற்குப் பயன்படுத்த வேண்டாம். பிரஸ்ஸில் நிற்பவரை எழுத்தர் என்று காட்டிச் சேமிக்கும் சில ஆயிரம் ரூபாய், விரல் போன பிறகு இழப்பீட்டுக் கோரிக்கையே நிராகரிக்கப்படுவதற்குக் காரணமாகலாம். படிவத்தை முகவரே நிரப்பித் தந்தாலும் கையெழுத்து உங்களுடையது. ஊதியத்தைக் குறைத்துக் காட்டுவதும் அப்படித்தான். ஆண்டு முடிவில் உண்மையான ஊதியக் கணக்கை ஒப்பிட்டு பிரீமியத்தைச் சரிசெய்வது வழக்கம்.

ஒப்பந்ததாரர் அனுப்பிய ஆள் உங்கள் பட்டறையில் உங்கள் தொழிலின் வழக்கமான வேலையைச் செய்கையில் அடிபட்டாலும் இழப்பீடு உங்களிடம் கேட்கப்படலாம் என்பதால், அத்தகையோரையும் பாலிசியில் குறிப்பிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். மருத்துவச் செலவும் தொழில்சார் நோயும் பெரும்பாலும் கூடுதல் பிரீமியத்தில்தான் கிடைக்கும். புதுப்பிக்கும்போது கடந்த ஆண்டுகளின் கோரிக்கைகளும் பார்க்கப்படுகின்றன. பிரஸ்ஸுக்குப் பாதுகாப்புத் தடுப்பு பொருத்தியிருந்தால் அதன் படத்தையும் ரசீதையும் அப்போதே முன்வைத்து விலை பேசுங்கள்.

விபத்து நேர்ந்தால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இழப்பீடு செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானால் 12 சதவீத வட்டி சேரும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையெனில் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கப்படலாம். அந்த அபராதத்தைப் பொதுவாகப் பாலிசி ஏற்பதில்லை.