ஆய்வு முடிவை உரியவர் கையில் சேர்ப்பது எப்படி?

சேலம் வட்டாரத்தில் பொதுச் சுகாதார ஆய்வு செய்யும் மாணவர்களும் தொண்டு நிறுவனத்தாரும், அறிக்கையை அச்சிட்டுக் கெட்டி அட்டை போட்டதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பற்றிய தடித்த அறிக்கை ஒன்றை ஓர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகையும் பெற்றுவந்தேன். ஓராண்டு கழித்து வேறு வேலையாக அங்கே சென்றபோது, அதைக் கட்டியிருந்த நூல்கூட அவிழ்க்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. அந்த அலுவலரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அவர் செய்யக்கூடியது இன்னது என்று அதன் எந்தப் பக்கத்திலும் நாங்கள் எழுதியிருக்கவில்லை.

ஆகவே, எழுத உட்காரும் முன்பே, இந்த முடிவை அறிந்தால் எவர் எதை மாற்ற முடியும் என்ற கேள்விக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும். கடினப் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து, அளவு மிஞ்சினால் பற்களில் கறை படியச் செய்யும் ஃப்ளூரைடை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. ஓர் ஊரின் ஆழ்குழாய்க் கிணற்றில் 2.4 மில்லிகிராம் இருப்பதாகத் தெரியவந்தால், அந்த ஒரே எண் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலையாக மாறுகிறது. மேட்டூர்த் தண்ணீர் வரும் மேல்நிலைத் தொட்டியில் எந்தக் கிணற்று நீரைக் கலக்கக் கூடாது என்பது டேங்க் ஆபரேட்டருக்கு வேண்டிய செய்தி. அவர் அன்றைக்கே மோட்டாரை நிறுத்திவிட முடியும். எந்தக் குழாய் நீரில் சமைப்பது என்பது அங்கன்வாடிப் பணியாளருக்கு வேண்டியது. ஏறத்தாழ எட்டு வயது வரை நிலையான பற்கள் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருப்பதாலும், அப்போது படிந்த கறை பிறகு தானாக நீங்காது என்பதாலும், அவர் கையில் இருக்கும் குழந்தைகளுக்குத்தான் இந்தச் செய்தி மிக அவசரமானது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடம், துவைக்கவும் துலக்கவும் வேறு குடம் என்று பிரித்துவைக்கச் சொன்னால் தாய்மார்களுக்குப் போதும். குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளருக்கோ கிணற்றின் இடம், ஆழம், மாதிரி எடுத்த தேதி ஆகிய மூன்றும் இல்லாமல் அந்த எண் எதற்கும் உதவாது.

இவர்கள் எவரிடமும் "தண்ணீர் சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று செவிலியர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி ஊரில் பதியவைத்திருக்கிறார்கள். கிருமிகளுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் ஃப்ளூரைடு ஆவியாகாது. காய்ச்சக் காய்ச்ச நீர் குறைந்து அதன் செறிவுதான் கூடும். எனவே, காய்ச்சினால் இது போகாது என்ற வாக்கியம் நீங்கள் ஊராருக்குக் கொடுக்கும் தாளின் கடைசி வரியில் அல்ல, முதல் வரியில் இருக்க வேண்டும். ஒரு முடிவைக் கேட்டவுடன் மக்கள் வழக்கமாக என்ன செய்வார்கள் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அது தவறாக இருந்தால் அதைத் தடுக்கும் சொல்லை முதலில் வைப்பது எல்லா ஆய்வுக்கும் பொருந்தும்.

தாள் ஒரே பக்கமாக இருக்கட்டும். விழுக்காட்டைத் தவிர்த்து, "ஏழு கிணறுகளில் மூன்று" என்பது போல எண்ணிச் சொல்லலாம். எழுதி முடித்ததும் அதே ஊரைச் சேர்ந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, தமக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்லுமாறு கேளுங்கள். நீங்கள் எழுதியதற்கும் அவர் சொல்வதற்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால், நீரைப் பற்றிய முடிவுக்கு அதைவிடப் பொருத்தமான மேடை இல்லை. ஆனால் முன்னறிவிப்பின்றி அங்கே எழுந்து பேசிவிடக் கூடாது. ஊராட்சித் தலைவரையோ, தேர்தல் நடைபெறாமல் தலைவர் பதவி காலியாக இருக்கும் காலமாயின் தனி அலுவலரையோ, ஒரு வாரம் முன்பாகவே சந்தித்து முடிவைக் காட்ட வேண்டும். சபை நடுவில் முதன்முதலாகக் கேள்விப்படும் எவரும் அதை மறுப்பதற்கே வழி தேடுவார். நிறைவேற்ற வேண்டிய தீர்மானத்தின் வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொண்டுபோனால் பாதி வேலை குறையும். வட்டார மருத்துவ அலுவலரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்கள் வழியாகவும் இந்தத் தாளைச் சேர்க்கலாம்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் முறை சற்று மாறும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பகலில் வீடுகளில் ஆளிருப்பதில்லை. அந்தி சாய்ந்தபின், ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவதும் தமிழே என்பதால் மொழி தடையாக இராது. நாம் பேசும் அலுவலகத் தமிழ்தான் தடையாகும். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஊரின் சிறுமை. முப்பது வீடுகள் உள்ள ஊரில் "காசநோய் ஒருவருக்கு" என்று எழுதினால் அவர் பெயரையே எழுதியதாகிவிடும். ஆகவே அத்தகைய எண்ணிக்கையைப் பல ஊர்களுக்குச் சேர்த்துச் சொல்வதே முறை. இரத்தசோகைப் பரிசோதனை முடிவுகளைச் சபையில் படிக்கக் கூடாது. கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்கும், கருவுற்றவர்களுக்கு 11 கிராமுக்கும் கீழே இருந்தால், அறிக்கை முடியும்வரை காத்திராமல் அன்றே அவரவரிடம் தனியாகச் சொல்லிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுப்ப வேண்டும்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் அமிலப் புகையைப் பற்றிய ஆய்வை எடுத்தவுடன் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்புவது வழக்கம். நாலைந்து பேர் வேலை செய்யும் வீட்டுப் பட்டறைகள் பெரும்பாலும் தொழிற்சாலைச் சட்ட வரையறைக்குள் வருவதில்லை என்பதால், அனுப்பிய கடிதம் அங்கேயே நின்றுவிடும். பட்டறைக்காரரிடமும் அவருக்கு ஆர்டர் கொடுக்கும் வியாபாரியிடமும் நேரில் பேசுவது மேல்.

முன்கூட்டியே வெளியே சொல்லிவிட்டால் ஆய்விதழ்கள் கட்டுரையை ஏற்க மறுக்கும் என்று மாணவர்களின் ஆய்வு வழிகாட்டிகள் சிலர் அஞ்சுகிறார்கள். ஆய்வில் பங்கேற்றவரிடம் அவருடைய பரிசோதனை முடிவைச் சொல்வதும், அவசரமான சுகாதாரச் செய்தியை அரசுக்குத் தெரிவிப்பதும் முன்வெளியீடாகக் கொள்ளப்படுவதில்லை. ஐயமிருந்தால் ஆய்விதழ் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடலாம்.

மூன்று மாதம் கழித்து அதே ஊருக்குத் திரும்பிச் செல்லுங்கள். குடிக்க உதவாது என்று காட்ட ஊராட்சியின் அனுமதியோடு நீங்கள் சிவப்பு வண்ணம் பூசிய அடிபம்பில் இன்னும் எவரேனும் குடிநீர் பிடிக்கிறார்களா, பிடித்தால் ஏன் என்று கேட்டறியுங்கள். காவிரிக் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்பார்கள். அந்த விடையை உங்கள் ஒரு பக்கத் தாளில் சேர்த்துத் தேதியிட்டு, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மறுபடியும் கொடுங்கள். போகும்போது ஒரு தூரிகையும் சிறிது சிவப்பு வண்ணமும் கையோடு இருக்கட்டும். ஒரு கோடையிலேயே வண்ணம் வெளிறிவிடும்.