புரொஜெஸ்ட்ரோன் போட்டா கரு நிக்குமா? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி

ரெண்டு மூணு தடவை கலைஞ்சவங்களுக்கு மறுபடி ரெண்டு கோடு விழுந்தா சந்தோஷத்துக்கு முன்னாடி பயம்தான் வரும், அந்த நேரம் பார்த்து யாராவது "ஹார்மோன் மாத்திரை போட்டுக்கோ, கண்டிப்பா நிக்கும்"னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது புரொஜெஸ்ட்ரோன், கர்ப்பம் நிக்க உடம்பே சுரக்குற ஹார்மோன். அப்படி கண்டிப்பெல்லாம் கிடையாது.

காரணம் தெரியாம 3 தடவையோ அதுக்கு மேலயோ கலைஞ்ச 836 பேரை வச்சு பிரிட்டன்லயும் நெதர்லாந்துலயும் சோதிச்சு 2015-ல ரிசல்ட் சொன்னாங்க. பாதி பேருக்கு நிஜ மருந்து, பாதி பேருக்கு டம்மி, யாருக்கு எதுன்னு கொடுத்த டாக்டருக்கே தெரியாது. மருந்து போட்டவங்கள்ல 100-க்கு 66 பேருக்கு குழந்தை பிறந்துச்சு, டம்மிக்கு 63, பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அந்த 63-ஐ கொஞ்சம் நின்னு பாருங்க, மருந்தே இல்லாம அத்தனை பேருக்கு நின்னிருக்கு.

அப்புறம் 2019-ல, ஆரம்பத்துலயே பிளீடிங் ஆன 4,000-க்கு மேற்பட்டவங்ககிட்ட பார்த்தாங்க. மொத்தமா மருந்து போட்டவங்கள்ல 100-க்கு 75 பேருக்கு குழந்தை பிறந்துச்சு, டம்மிக்கு 72, ஆனா முன்னாடி 3 தடவையாவது கலைஞ்சவங்கள்ல மருந்துக்கு 72, டம்மிக்கு 57தான்! அதனால டாக்டர்கிட்ட முதல்ல சொல்ல வேண்டியது எத்தனை தடவை கலைஞ்சுது, இப்ப பிளீடிங் இருக்கா, இது ரெண்டும்தான். துடைக்கும்போது லேசா பழுப்பா பட்டா கூட சொல்லிடுங்க, ஸ்கேன்ல கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கான்னும் பார்த்துக்கணும்.

2021-ல வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல்படி, முன்னாடி ஒரு தடவையாவது கலைஞ்சு இப்ப பிளீடிங்கும் இருந்தா புரொஜெஸ்ட்ரோன் 400 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, பிறப்புறுப்புக்குள்ள வைக்கிறது, ஹார்ட்பீட் தெரிஞ்சா 16 வாரம் முடியுற வரைக்கும். நீங்களா வாங்கி ஆரம்பிக்காதீங்க. வச்சதும் கொஞ்ச நேரம் படுத்திருங்க, அப்புறம் வெள்ளையா மெழுகு மாதிரி வெளிய வரும், மருந்தெல்லாம் போச்சேன்னு பதறி இன்னொண்ணு வைக்க வேண்டாம்.

இன்னொண்ணு, ஹார்மோனுக்கு முன்னாடி ஏபிஎல்ஏ (ரத்தம் சீக்கிரம் உறைய வைக்கிற ஆன்டிபாடி இருக்கான்னு பார்க்குற ரத்த டெஸ்ட்), தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா? ஏபிஎல்ஏ பாசிட்டிவ்னா 12 வாரம் கழிச்சு திரும்ப எடுத்துதான் உறுதி பண்ணுவாங்க, அதுக்கு வைத்தியமே வேற, ஆஸ்பிரினும், ரத்தம் உறையாம தடுக்குற ஹெப்பாரின் ஊசியும். மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கும்போதே பிளீடிங் அதிகமாச்சு, ஒரு பக்கமா வலி, தலைசுத்தல்னா மறுநாள் அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம அப்பவே கிளம்புங்க.