எடைக்குறைப்பு சத்திரசிகிச்சை முடிந்த கையோடு வெளிநாடு போகிறவர்கள் விடும் பிழைகள்

கொழும்பிலோ சென்னையிலோ ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) அல்லது பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு பொருத்துவது) செய்துகொண்டு யாழ்ப்பாணம் திரும்புகிறவர்களுக்கு, இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒரு வெளிநாட்டுப் பயணம் எப்படியும் வந்துவிடுகிறது. ரொறன்ரோவில் பெறாமகளின் கல்யாணம், லண்டனில் மகளின் பிள்ளைப்பேறு. டிக்கெற் முன்னரே போட்டாயிற்று, இனி மாற்ற ஏலாது என்பார்கள். போகுமுன் என்னிடம் கேட்க வருகிறவர்களைப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் முதன்முதலில் இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட நாங்கள் அன்றைக்கு விட்ட பிழைகளைத்தான் இவர்களும் விடப்போகிறார்கள். மென்று சாப்பிடுங்கள், சோடா குடியாதீர்கள், சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம் என்பதையெல்லாம் டொக்டரே சொல்லி அனுப்பியிருப்பார். அவற்றை இங்கே எழுதவில்லை.

இரவு பஸ்ஸைக் கணக்கில் எடுக்காதது

நெடுநேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகான முதல் மாதத்தில் அந்த ஆபத்து இன்னும் கூட. அதனால்தான் நீண்ட விமானப் பயணத்தைக் குறைந்தது 4 முதல் 6 வாரம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். இதைக் கேட்டு நடக்கிறவர்கள்கூட ஒன்றை மறக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேரவே ஏழெட்டு மணித்தியாலம் முழங்காலை மடித்தபடி இருக்க வேண்டும். வழியில் இறங்க வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. அதே வறண்ட உடம்போடு போய் அடுத்த பத்துப் பதினொரு மணித்தியாலம் விமானத்தில் இருக்கிறார்கள்.

ஏலுமானால் முதல் நாளே கொழும்புக்குப் போய் ஓர் இரவு தங்குங்கள். வான் பிடித்துப் போவதென்றால் வவுனியாவிலும் புத்தளத்திலும் நிறுத்தி, இறங்கி நடவுங்கள். இரத்தம் கட்டாமல் இருக்க ஊசி தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நோவு வந்தாலோ பயணத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சத்தியை "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கொக்குவில் பக்கத்து அக்கா ஒருவர். ஸ்லீவ் செய்து இரண்டு மாதம் இருக்கும், கனடாவில் தம்பி வீட்டுக்குப் போனார். சத்திரசிகிச்சை பற்றி யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "சீனி வருத்தத்துக்கு டயற்" என்றார். போன நான்காம் ஐந்தாம் நாளே சத்தி தொடங்கியது. குளிர் என்றார்கள், தண்ணீர் மாற்றம் என்றார்கள், இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கடந்தும் நிற்கவில்லை. விற்றமின் குளிசை போட்டால் அதுவும் வெளியே வந்தது, பிறகு அதையும் விட்டுவிட்டார். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரும் "நல்லா மெலிஞ்சிட்டியள் அக்கா" என்று பாராட்டியிருக்கிறார்கள். ஒரு மனிசி பட்டினியில் கிடந்து வாடுவதைப் பார்த்து வந்த பாராட்டு அது.

மூன்றாம் வாரம் பொருட்கள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. நடக்கும்போது தள்ளாடினார். ஆஸ்பத்திரியிலும் சத்திரசிகிச்சையைச் சொல்லவில்லை. வாந்தியும் களைப்பும் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு பேச்சுக் குழம்பியது. யார் என்று ஆட்களை மட்டுக்கட்ட ஏலாமல் போனது. அப்போதுதான் பயந்துபோய் இங்கேயிருந்த மகள் தொலைபேசியில் உண்மையைச் சொன்னாள். உயிர் தப்பியது. ஆனால் பிறகும் பல மாதம் பொல்லு ஊன்றித்தான் நடந்தார்.

நடந்தது இதுதான். தயமின் என்கிற பி1 விற்றமின் உடம்பில் அதிகம் சேர்ந்திருப்பதில்லை. கிடைப்பது நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் இருப்பு முடிந்துவிடும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சாப்பாடே கொஞ்சம், அதுவும் சத்தியில் போனால் இன்னும் வேகமாக முடியும். குளுக்கோஸை எரிப்பதற்கு உடம்புக்குத் தயமின் வேண்டும். ஏற்கெனவே வற்றிப்போன உடம்புக்குள் குளுக்கோஸ் மட்டும் இறங்கினால், மிச்சமிருந்த கொஞ்சமும் அதில் செலவாகி மூளை பாதிக்கப்படுகிறது. இதை வேர்னிக்கே நோய் என்கிறார்கள். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, புத்தி தடுமாறுவது மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றும் ஒன்றாக வரும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பிந்தினால் ஞாபக சக்தி திரும்பாமலே போகலாம். இத்தனைக்கும் மருந்து தயமின் ஊசிதான், விலை கூடிய அபூர்வ மருந்து ஒன்றும் இல்லை. குளுக்கோஸுக்கு முதல், அல்லது அதோடு சேர்த்து, அதைப் போட வேண்டும்.

சத்திக்குக் காரணம் அவசரமாக விழுங்கியதாக இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கி விடாமல் வரும் சத்திக்கு, வெட்டித் தைத்த இடம் ஒடுங்கியதும் ஒரு காரணம். அதை எண்டோஸ்கோப்பி (வாய்வழியே விடும் கமெராக் குழாய்) மூலம் விரித்துவிடலாம். இஞ்சித் தேநீரால் விரியாது.

சரி, என்ன செய்வது? ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே வயிற்றில் தங்கவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கொஞ்சம் தங்குகிறது, ஆனால் இரண்டு மூன்று நாளாகச் சத்தி விடவில்லை என்றாலும் ஆஸ்பத்திரி. வாசலிலேயே சத்திரசிகிச்சையின் பெயரையும் திகதியையும் சொல்லுங்கள், தயமின் போட்டார்களா என்று வாய்திறந்து கேளுங்கள். டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தரும் சிகிச்சை விபர அட்டை) பிரதி ஒன்று கைப்பையில், படம் ஒன்று போனில். போகிற வீட்டில் ஒரே ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். ஊர்க்கதைக்குப் பயந்து மறைக்கிறார்கள், அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. ஊர் முழுக்கச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீங்கள் மயங்கிக் கிடக்கும்போது டொக்டரிடம் பேசப்போகிறவருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பழைய அளவிலேயே சீனிக் குளிசை

எடை குறையக் குறைய சீனியும் பிரஷரும் இறங்கும். குளிசை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் தலைசுற்றி விழுவீர்கள், அதுவும் தெரியாத ஊரின் விமான நிலையத்தில். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னர் சீனியையும் பிரஷரையும் பார்த்து, அளவை டொக்டரிடம் திருத்தி எடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

நாரி நோவுக்கு டைக்ளோபினாக்

வேண்டாம். ஐபுபுரூபனும் வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்குப் பொருத்திய இடத்தில் புண் வந்து இரத்தம் கசியலாம். ஸ்லீவ் செய்தவர்களும் டொக்டரைக் கேளாமல் எடுக்கக் கூடாது. நோவுக்குப் பனடோல் போடுங்கள்.

குளிசைகளைப் பெரிய பெட்டியில் போடுவது

பெட்டி வராமல் போனால் குளிசையும் இல்லை. கைப்பையில், மருந்துச்சீட்டோடு.

இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்குவது

நேர வித்தியாசத்தில் ஊரில் பழகிய ஒழுங்கு குழம்பி, எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு மேலே தேநீரும் குடிக்கிறார்கள். கல்சியமும் தேநீரும் இரும்பை உடம்பில் சேர விடாது. இரண்டு குளிசைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

விருந்து வீட்டில் முகத்தை முறிக்க ஏலாமல் சாப்பிடுவது

புட்டு தொண்டையில் இறுகும். ஒடியல் கூழின் உறைப்பும் நாரும் இந்த மாதங்களுக்கு ஆகாது. பாயாசம், கேக், ஐஸ்கிரீம் என்று இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றோட்டம் போகும். பைபாஸ் செய்தவர்களுக்கு இது கூடுதலாக வரும். சபையில் இருந்தால் முதலில் மீனையோ முட்டையையோ பருப்பையோ சாப்பிடுங்கள். கோப்பை அதோடு வெறுமையாகாவிட்டால் அப்படியே விடுங்கள். வற்புறுத்துகிற மாமியிடம் "டொக்டர் மறித்திருக்கிறார்" என்று சொன்னால் போதும், அது உண்மையும்தான்.

காப்புறுதிப் படிவத்தில் "இல்லை" என்று கோடு போடுவது

முன்னர் சத்திரசிகிச்சை செய்ததுண்டா என்ற கேள்விக்கு உள்ளதை எழுதுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடலாம். மறைத்து எடுத்தால், வயிறு சம்பந்தமான பில் வரும்போது அதைக் காரணம் காட்டியே காசு தர மறுக்கலாம்.